காஞ்சொறித் தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உன் நலமும், மகன் மருமகள் நலமும், புதிதாய் வந்திருக்கும் பேத்தியின் நலமும் அறிய ஆவலாய் இருக்கிறேன். இங்கே எல்லோரும் நலமா என்று கேட்பாய். நலம் என்று எழுதினால் பொய்யாகும். நலமில்லை என்று எழுதினால் நீ அடுத்த வண்டியில் கிளம்பி வந்துவிடுவாய். ஆகவே, அரிப்பு நீங்கலாக அனைவரும் நலம் என்று அறியவும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ அதை முடித்துவைக்கிறாய். அது பெரும்பாலும் நான் முடிக்க நினைத்த மாதிரி இருப்பதில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூட விளக்காமல், இரண்டு கையிலும் உறை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய், நீ விட்டுப்போன காஞ்சொறிச் செடியின் முன்னால் நின்று, "மன்னிச்சுக்கோ, இனிமே உன்னை வச்சுக்க முடியாது" என்று சொன்னேன். பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "கொஞ்சம்தான் வலிக்கும், பயப்படாதீங்க" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான். எனக்கு ஒரு செடியிடம் இதைச் சொல்ல இரண்டு தடவை ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. செடி காற்றில் லேசாக என் பக்கம் சாய்ந்தது. நான் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன். பாசம் வேறு, பாதுகாப்பு வேறு.

விஷயம் இதுதான். இந்த ஞாயிறு போக அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தத் தொட்டி இந்த வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். தயவுசெய்து அத்தானிடம் சொல்லி, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல். அவரால் முடியாதென்றால், தூக்கிப் போட்டுவிட எனக்கு அனுமதி கொடு. உன் பொருளை உன்னைக் கேட்காமல் போட்டால், அந்தப் பேச்சை நம் இரண்டு பேரின் பேரப்பிள்ளைகள் காலம்வரைக்கும் நீ எடுப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நீ மகன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று எங்கள் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அந்தக் கனத்த மண் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நாலாவது மாடிவரை மூச்சுகூட வாங்காமல் ஏறி வந்து, வாசலில் இறக்கிவைத்து, "முட்டிவலிக்கு நல்லதுடி, பத்திரமா பாத்துக்கோ" என்றாய். அத்தான் வீட்டில்தானே இருக்கிறார், அவரிடம் விட்டுப் போகக் கூடாதா என்று கேட்டேன். "அவரா? இது இருக்கிற திசையில தலைவச்சுப் படுக்க மாட்டாரு" என்று சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டவள் முதலில் சிரிக்கத்தான் செய்திருப்பாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக உன் குரல் பதிவுகள் வந்தன. பாதி நிழலில் வை. மண் காயவே கூடாது. பூ விடுவதற்கு முன்னால் நுனியைக் கிள்ளிவிடு, கிள்ளும்போது வேறு யாரையும் மனசில் நினைத்துக்கொண்டிருக்காதே. கை பட்டுவிட்டால் தேய்க்காதே, தேய்த்தால் சுணை உள்ளே இறங்கும். ஒட்டுநாடாவை ஒட்டி உரித்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவு. வேர் மஞ்சள் கயிறு மாதிரி ஓடும், ஒரு துண்டு விழுந்தாலும் அது தனிச் செடியாகிவிடும், ஜாக்கிரதை. இவ்வளவையும் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டு, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் சொல்லி ஒரு பெட்டி கையுறையும் வாங்கிவந்து, தொட்டியைப் பால்கனியில் வைத்தேன்.

எங்கள் பால்கனியை நீ பார்த்திருக்கிறாய். ஒரு நாற்காலி போட்டால் அடுத்த ஆள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். எதிரே பக்கத்துக் கட்டடத்தின் முதுகும் அதன்மேல் ஓடுகிற குழாய்களும். அதைப் பார்த்துக்கொண்டு காலையில் ஒரு டம்ளர் டீ குடிப்பேன். குடிப்பேன் என்பது ஒரு பேச்சுக்கு. பாதி டம்ளரில் "என் சாக்ஸ் எங்க?" என்று வீட்டுக்காரர் வருவார். "பேப்பர் வந்துச்சாம்மா?" என்று மாமனார் வருவார். "அம்மா, நீ என்ன யோசிச்சுக்கிட்டிருக்கே?" என்று மகள் வருவாள். யோசிக்க ஏதாவது கிடைக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அங்கே போய் உட்காருகிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது.

இப்போது என் வீட்டுக்காரர் விஷயம். அவர் துணி ஆலையில் தரம் பார்க்கிறவர். மாமனாரும் ஓய்வுபெறும்வரை அதே வேலைதான் பார்த்தார். உலகத்தில் எது கண்ணில் பட்டாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்க்காமல் இவர்களுக்கு நம்பிக்கை வராது. கல்யாணம் பேச நம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே வாசல் திரைச்சீலையை உருட்டிப் பார்த்து "கலப்பு நூல்" என்று சொன்னவர்தானே, அப்பா அதைக் கடைசிவரை மறக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் "அதைத் தொடாதீங்க, அரிக்கும்" என்று சொன்னது என் தப்பு. அந்த இலையும் லேசுப்பட்டது இல்லை. காலை வெயிலில் அதன் சுணை மின்னுகிறபோது வெல்வெட் துணியில் வெட்டித் தைத்த மாதிரி இருக்கிறது. நான் சமையலறையில் இருந்தேன். "அட, நல்ல மிருதுவான ரகமா இருக்கே" என்று ஒரு குரல் கேட்டது. அப்புறம் கேட்ட சத்தத்தை எழுத நம் மொழியில் எழுத்து இல்லை.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"யாரு தொட்டா? தரம் பார்த்தேன்."

மகள் ஒட்டுநாடாவோடு ஓடிவந்து உரித்துவிட்டாள். ஆனால் விரலில் மதமதப்பு மறுநாளும் போகவில்லை, அந்த விரலோடு அவர் வேலைக்குப் போய், மிதியடிக்குப் போக வேண்டிய முரட்டுத் துணிக் கட்டைக் கைக்குழந்தைச் சட்டைக்கு ஏற்றது என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "வீட்ல ஒரு செடி சார்" என்று இவர் ஆரம்பித்திருக்கிறார். அதற்குமேல் அவர் கேட்கவில்லையாம், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாராம்.

இதைக் கண்ணால் பார்த்த மாமனார் ஒதுங்கிப் போயிருக்கலாமா இல்லையா, நீயே சொல். அந்தக் குடும்பத்தில் அடுத்தவன் பட்ட அனுபவத்துக்கு மரியாதையே கிடையாது அக்கா. "அவனுக்கு விரல்ல பதம் பத்தாதும்மா. ஆலையில இந்த விரல் பாக்காத நூலா" என்று எழுந்து போனார். நான் வேண்டாம் மாமா வேண்டாம் மாமா என்று பின்னாலேயே போகிறேன். இலையை உருட்டினார். காய்ப்புக் காய்த்த விரல், ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தோடு விட்டிருந்தால் ஜெயித்திருப்பார். ஆனால் ரொம்ப நயமான துணி என்று சந்தேகம் வந்தால் விரலை நம்பாமல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது அவர்கள் தொழில் வழக்கம். பார்த்தார்.

பாதிக் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரம், அவரையும் கூட்டிக்கொண்டு போனேன், டாக்டரம்மா ஏதாவது களிம்பு எழுதிக்கொடுப்பார்களே என்று. வழியெல்லாம், செடி என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். வீங்கின கன்னத்தோடு பல் ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வந்து எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? "எந்தப் பல்லு தாத்தா?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்ட, பின்னால் ஒரு பல்லில் மட்டும் நிஜமாகவே துள்ளிவிட்டார். அதில் சொத்தையாம். அடைத்து அனுப்பினார்கள். அதிலிருந்து மாமனார், செடியால் தன் பல் போக இருந்தது என்று ஒருநாளும், செடியால்தான் பல் பிழைத்தது என்று இன்னொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகள் அட்டையில் "தொடாதீர்கள்" என்று பெரிதாக எழுதி மாட்டினாள். அது இன்னும் மோசம். அதுவரை செடியைக் கவனிக்காதவர்கள்கூட, எதைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொள்ளக் கிட்டே வந்தார்கள்.

இதற்கு நடுவில் நீ சொன்னாயே என்று, கிள்ளின தழையையெல்லாம் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு உரம் செய்தேன். நாற்றம் வரும் என்று நீ சொல்லவில்லை. அல்லது "கொஞ்சம் வாசம் வரும்" என்று சொன்னாய். நானும் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் "கொஞ்சம்தான் வலிக்கும்" என்கிறேன், அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வாளி நன்றாக ஊறின அன்று கீழ்வீட்டுச் செயலாளர், குடியிருப்போர் சங்கத்தில் எதற்கும் அவர்தான், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு மாடி மாடியாக ஏறி வந்தார். "எங்கேயோ கழிவுக்குழாய் வெடிச்சிருக்கு, உங்க பக்கம் எதாவது வருதா?" என்றார். நான் வாளிக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "லேசா வருதுங்க" என்றேன். பொய் இல்லையே. குழாய்க்காரரைக் கூப்பிட்டு, முற்றத்தைத் தோண்டி, மூடிகளையெல்லாம் திறந்து பார்த்தார்கள். எல்லாக் குழாயும் நல்ல நிலைமையில் இருக்கிறதாம். இந்தக் கட்டடம் கட்டினதிலிருந்து இப்படி ஒரு சோதனை நடந்ததில்லை என்று செயலாளருக்கு ஒரே பெருமை. நான் அன்றைக்கு இருட்டினதும் உரத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, செடி அந்த வாரம் ஒரு முழம் வளர்ந்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் அக்கா. இப்போது வந்திருப்பதுதான் பெரிய வினை. என் வீட்டுக்காரர் ஆலை வேலையோடு கூடவே, மாதிரித் துணி காட்டி ஆர்டர் பிடித்துத் தரும் வேலையும் ஆரம்பித்திருக்கிறார். வீடு முழுக்கத் துணிக் கட்டு. கட்டில் அடியில், பீரோ மேல், மகள் படிக்கிற மேசையில். அதனால் மாமனாரும் அவர் பிள்ளையும் உட்கார்ந்து பேசி, பால்கனியை அலுமினியமும் கண்ணாடியும் வைத்து அடைத்து, அலமாரி அடித்து, துணி வைக்கிற அறையாக்கிவிடலாம் என்று முடிவு பண்ணி, ஆளுக்கும் சொல்லிவிட்டு, அப்புறம் என்னிடம் வந்தார்கள்.

"உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

"என் நாற்காலியை எங்க போடறது?"

"ஹால்ல நாலு நாற்காலி கிடக்கே, எதுல வேணா உட்காரு."

கிடக்கிறதுதான். நாலும் டிவியைப் பார்த்துக் கிடக்கிறது. நான் வழக்கம்போல "பார்க்கலாம்" என்றேன். இந்த வீட்டில் நான் "பார்க்கலாம்" என்றால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். இத்தனை வருஷமாக அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் நானும் சொல்லியிருக்கிறேன், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஜன்னல் அடிக்கிறவர் அளவெடுக்க வந்தார். நல்ல மனுஷன், பேண்டை முட்டிவரை மடித்துவிட்டிருந்தார். அளவு நாடாவின் ஒரு நுனியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, மறுநுனியோடு பின்னாலேயே நடந்து நடந்து நடந்து, கெண்டைக்காலை முழுசாகச் செடிக்குள் விட்டார்.

"மேடம், யாரோ கடிச்சுட்டாங்க."

"யாரும் இல்லைங்க, செடி."

"செடியா? நாய்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

ஒட்டுநாடா, சோப்பு எல்லாம் கொடுத்தேன். ஆனால் மனுஷன் ஒரு காலில் நின்று மறுகாலைச் சொறிந்துகொண்டே மிச்ச அளவை எடுத்து எழுதிக்கொண்டு போய்விட்டார். போன வாரம் சட்டம் வந்து இறங்கியது. ஒரு பக்கம் சரியாக இருக்கிறது. அவர் சொறிந்துகொண்டே அளந்த பக்கம் ஒரு சாண் குறைச்சல். அந்த ஒரு சாண் இடைவெளியோடு மாட்டினால் துணியை மழை நனைக்கும், பூனை உள்ளே வந்து குட்டி போடும் என்று என் வீட்டுக்காரர் கத்துகிறார். "செடியை எடுத்துட்டுக் கூப்பிடுங்க சார், அது இருக்கிறவரை நான் கதவுக்கு அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று ஜன்னல்காரர் சொல்லிவிட்டார். மறுபடி அளவெடுக்க அவர் வரும் நாள்தான் நான் முதலில் சொன்ன அந்த ஞாயிறு. "ஒரு வீட்டையே ஆட்டிவைக்குதே உங்க அக்கா செடி" என்கிறார் இவர். "பல்லு பிழைச்சது வேற விஷயம், ஆனா எடுத்துடும்மா" என்கிறார் மாமனார். நான் "பார்க்கலாம்" என்றேன். அதனால் எடுத்துவிடுவேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கஷ்டத்தையும் கேள். அந்தச் செடி ஆளாளுக்கு ஒரு தடவை பட்டதிலிருந்து பால்கனிப் பக்கம் ஒருத்தரும் எட்டிப்பார்ப்பதில்லை. துணி காயப்போடுவதும் எடுப்பதும் நான்தான். என்ன வேண்டுமானாலும் கதவுக்கு உள்ளேயே நின்று கூப்பிடுகிறார்கள். நான் உடனே பதில் சொல்லாவிட்டால் உள்ளே வரப் பயந்து, தானே தேடி எடுத்துக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் போன வாரம் தன் சாக்ஸைத் தானே கண்டுபிடித்தார். நான் டீயைச் சூடு ஆறுவதற்குள் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவர்க் குழாயில் ஒரு புறா நடந்து போவதை அது முடிக்கிறவரைக்கும் பார்க்கிறேன். ஒரு குடும்பத்துக்காரி இப்படித் தனியாக உட்கார்ந்திருப்பது நன்றாகவா இருக்கிறது? இரண்டு மூன்று தடவை எனக்கும் சுரீரென்று பட்டது. ஆனால் அது எதனால் வலிக்கிறது என்று தெரிந்த வலி, அதனால் பெரிதாகத் தெரியவில்லை.

ஆகவே மேற்சொன்ன காரணங்களை முன்னிட்டு, அத்தானை உடனே அனுப்பிவைக்கும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். நீண்ட கைச்சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்.

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. பேத்தி தூங்குகிறபோது தூங்கி, எழுந்ததும் சிரித்து, நம் வீட்டுப் பெண்களின் பொறுமையைத் தவிர மற்ற நல்ல குணமெல்லாம் பெற்று நீடு வாழட்டும். என் வீட்டுக்காரர் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அவர் சொன்ன வார்த்தையை எழுதவில்லை.

என்றும் உன் சொல் தட்டாத,
தங்கை

பின்குறிப்பு: அத்தானை அனுப்பாதே. மேலே எழுதியதை அடித்தால் கடிதம் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன், நீயே மனசில் அடித்துக்கொள்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், எப்படியும் கீழே இறக்க வேண்டியதுதானே என்று தொட்டியை நகர்த்திப் பார்த்தேன். அடி ஓட்டை வழியாக மஞ்சள் வேர் வெளியே வந்து சுவரோரம் ஓடியிருந்தது. இழுத்தேன், துண்டு துண்டாக வந்தது. ஒரு துண்டு விழுந்தாலும் தனிச் செடியாகிவிடும், ஜாக்கிரதை என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ஜாக்கிரதையாகத்தான் செய்தேன். ஒவ்வொரு துண்டையும் எடுத்து, உடைந்த வாளி, பிடி போன பாத்திரம், மகள் பழைய பொம்மைகளைப் போட்டுவைத்திருந்த தொட்டி எல்லாவற்றிலும் மண் போட்டுப் புதைத்து, கம்பியோரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாக வைத்துவிட்டேன். சட்டம் எட்டாத அந்த ஒரு சாண் இடம் இருக்கிறதே, அங்கேதான் தாய்த்தொட்டி.

வேலை முடிந்து கையுறையைக் கழற்றும்போது உன் வீட்டுப் பின்பக்கம் ஞாபகம் வந்தது. துவைக்கிற கல்லில் நீ ரேடியோவை வைத்துக்கொண்டு சாயங்காலமெல்லாம் உட்கார்ந்திருப்பாய். சுற்றிலும் இந்தச் செடி. அத்தான் கதவுக்கு உள்ளே நின்றுதான் உன்னைக் கூப்பிடுவார். நீயும் உடனே பதில் சொல்ல மாட்டாய். எல்லாம் முட்டிவலிக்கு என்று எங்களிடம் சொன்னாய், நாங்களும் பாவம் என்று நினைத்துக்கொண்டோம். அக்கா, உனக்கு முட்டிவலியே கிடையாதே.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்காரர் வருகிறபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். எழுந்திரு என்று யாராவது கதவுக்கு உள்ளேயிருந்து சொன்னால், இந்தத் தடவை "பார்க்கலாம்" என்று சொல்லப் போவதில்லை. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. துணிக் கட்டை வைக்க ஹாலில் நாலு நாற்காலி கிடக்கிறது.